ஒரே ஆஸ்பிரின், இரண்டு தீர்ப்புகள்: புற்றுநோயைத் தடுக்கும் மருந்தை ஏன் சில குடும்பங்களிடம் தேடுகிறார்கள்?

"தினமும் ஒரு ஆஸ்பிரின் போட்டால் கேன்சர் வராது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றும். கொஞ்ச நாளில் "ஆஸ்பிரின் எடுத்த முதியவர்களுக்குக் கேன்சர் மரணம் அதிகம்" என்று இன்னொன்று வரும். படிப்பவர் குழம்பிப்போய் எல்லாமே புரளி என்று தள்ளிவிடுவார். ஆனால் இரண்டுக்கும் பின்னால் ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன.

முதலாவது, 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கேப்-2 ஆய்வு. 861 பேரில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரினும் மறுபாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆஸ்பிரின் குழுவில் பெருங்குடல் புற்றுநோய் சுமார் 35 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டாவது, 2018-இல் முடிவு வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்கள் கலந்துகொண்டார்கள். அதில் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 3.1 சதவீதம் பேரும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 2.3 சதவீதம் பேரும் புற்றுநோயால் இறந்தார்கள்.

வேறுபாடு மாத்திரையை விழுங்கியவர்களிடம் இருக்கிறது. கேப்-2 ஆய்வில் இருந்த எல்லோரும் லிஞ்ச் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறோடு பிறந்தவர்கள். ஆஸ்ப்ரீயில் இருந்தவர்கள் சாதாரண முதியவர்கள். புற்றுநோய்த் தடுப்பு மருந்து பற்றிய செய்திகளில் பாதிக்கு மேற்பட்ட குழப்பம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பரம்பரையாக வருவது எது?

புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் வரை பரம்பரையோடு தொடர்புடையவை. ஆனால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் புற்றுநோய் நேரடியாக வருவதில்லை. வருவது ஒரு பழுதான மரபணுப் பிரதி. இதைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் போதும்.

1. நம் உடலில் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அவற்றில் சில, செல் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் மாதிரி. கட்டி அடக்கி மரபணுக்கள் என்று அவற்றைச் சொல்வார்கள்.

2. ஒரு ஸ்கூட்டரில் முன் பிரேக் போனாலும் பின் பிரேக்கை வைத்து நிறுத்திவிடலாம். இரண்டும் போனால்தான் ஆபத்து. செல்லுக்கும் அப்படித்தான். 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், குழந்தைகளின் கண் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமா வந்த 48 பேரின் விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டார். பரம்பரை வகையில் நோய் சீக்கிரம் வருகிறது, பல நேரம் இரண்டு கண்களிலும் வருகிறது. மற்றவர்களுக்குத் தாமதமாக, ஒரு கண்ணில் வருகிறது. பரம்பரைக் குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு பிரேக் போன நிலையில் பிறக்கிறார்கள், இன்னொன்று போனால் போதும் என்று அவர் ஊகித்தார். அந்த மரபணு கையில் சிக்குவதற்கு 15 ஆண்டுகள் முன்பே, வெறும் வயதுக் கணக்கை வைத்து!

3. பழுதான பிரதி ஒவ்வொரு பிள்ளைக்கும் போய்ச்சேர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆணா பெண்ணா என்ற பேதமில்லை. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ கோளாறு அப்பா வழியாகவும் மகளுக்கு வரும். "அம்மா பக்கத்தில் யாருக்கும் இல்லையே" என்று நிம்மதி அடைந்துவிடுவது தப்புக் கணக்கு.

இப்படி ஒரு மரபணுப் பழுதால் ஒரு குடும்பத்தில் குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் இளவயதிலேயே திரும்பத் திரும்ப வருவதை மரபுவழிப் புற்றுநோய் நோய்க்குறி என்கிறார்கள்.

அந்தக் குடும்பங்கள் எதற்கு?

ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குடும்பங்களைத் தேடிப்போவதற்கு ஒரு காரணம் அறிவியல், இன்னொன்று கூட்டல் கழித்தல்.

கூட்டல் கழித்தலை முதலில் பார்ப்போம். ஒரு மருந்து புற்றுநோயைத் தடுக்கிறது என்று நிரூபிக்க, மருந்து எடுக்காதவர்களுக்கு அந்த நோய் வர வேண்டும். சாதாரண மக்களில் சில ஆண்டுகளுக்குள் ஒரு குறிப்பிட்ட புற்றுநோய் வருபவர்கள் மிகச் சிலரே. அதனால்தான் டமாக்சிஃபென் மார்பகப் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்த 1998-ஆம் ஆண்டு ஆய்வுக்கு 13,388 பெண்கள் தேவைப்பட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் சராசரியைவிட ஆபத்து கூடுதலான பெண்கள். கேப்-2 வெறும் 861 பேரோடு முடிந்தது. கீழே வரும் கோர்லின் நோய்க்குறி ஆய்வு 41 பேரோடு முடிந்தது. ஆபத்து அதிகமுள்ள இடத்தில் விடை சீக்கிரம் கிடைக்கிறது, செலவும் குறைகிறது.

அறிவியல் காரணம் இது. சாதாரணமாக ஒரு புற்றுக்கட்டி கண்டுபிடிக்கப்படும்போது அதற்குள் ஏகப்பட்ட மரபணுப் பிழைகள் சேர்ந்திருக்கும். எது முதலில் நடந்தது, எது பின்னால் ஒட்டிக்கொண்டது என்று பிரிப்பது கஷ்டம். மரபுவழி நோயில் முதல் பிழை எதுவென்று பிறக்கும்போதே தெரியும். தடுப்பு மருந்து முதல் படியைத்தான் குறிவைக்க வேண்டும் என்பதால், இது பெரிய வசதி.

அதோடு, இந்த முதல் பிழை பெரும்பாலும் அந்தக் குடும்பங்களுக்கு மட்டும் சொந்தமானதில்லை. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் திடீரென வரும் பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 80 சதவீதத்தில், குடலில் சதைமொட்டுகள் முளைக்கும் பரம்பரைப் பாலிப் நோயில் பழுதாகும் அதே ஏபிசி மரபணு பழுதாகியிருக்கிறது. கொலஸ்டிராலில் இதே வழி ஏற்கனவே பலன் கொடுத்த ஒன்று. பிறவியிலேயே கொலஸ்டிரால் எக்கச்சக்கமாக இருந்த குடும்பங்களை மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் ஆராய்ந்து 1985-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பது அந்த ஆராய்ச்சியால்தான் விளங்கியது. இன்று அதை விழுங்கும் கோடிக்கணக்கானவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த அரிய நோய் இல்லாதவர்கள்.

பாலிப் சுருங்கினால் போதுமா?

இந்த வழி எவ்வளவு கரடுமுரடானது என்பதற்குக் இந்தப் பரம்பரைப் பாலிப் நோயைவிட நல்ல உதாரணம் கிடையாது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சின்னச் சதைமொட்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஒன்றிரண்டு இருப்பது சகஜம். ஏபிசி மரபணுவில் பழுதோடு பிறந்தவருக்குப் பதின்ம வயதிலேயே நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒவ்வொன்றும் புற்றாக மாறும் வாய்ப்பு சொற்பம்தான். ஆனால் ஆயிரம் இருந்தால் ஏதோ ஒன்று மாறியே தீரும். சும்மா விட்டால் நாற்பது வயதை ஒட்டிப் பெருங்குடல் புற்றுநோய் ஏறக்குறைய நிச்சயம். அதனால் இருபது வயதுக்கு முன்னும் பின்னுமாகப் பெருங்குடலையே எடுத்துவிடுவதுதான் இன்றுவரை முதன்மைச் சிகிச்சை. அதற்குப் பிறகும் முன்சிறுகுடலில் பாலிப்புகள் வரும்.

1983-இல் வில்லியம் வாடெல் என்ற மருத்துவர், மூட்டுவலிக்குக் கொடுக்கும் சுலிண்டாக் மாத்திரையை எடுத்த சில நோயாளிகளுக்குப் பாலிப்புகள் சுருங்கி மறைந்ததாக எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து அதை முறையாகச் சோதித்தார்கள். 22 பேர், ஒன்பது மாதங்கள். சுலிண்டாக் எடுத்தவர்களுக்குப் பாலிப்புகளின் எண்ணிக்கை ஆரம்பத்தில் இருந்ததில் 44 சதவீதமாகவும், அளவு 35 சதவீதமாகவும் இறங்கியது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி கூட ஆரம்பித்தன.

ஏன் சுருங்கின? சுலிண்டாக், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். காக்ஸ் என்ற நொதியை அடக்குபவை. அந்த நொதி வீக்கம், வலி இவற்றோடு செல் பெருக்கத்தையும் தூண்டும் வேதிப்பொருள்களைத் தயாரிக்கிறது. காக்ஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை இரைப்பையின் உட்பூச்சைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது வகை வீக்கத்தின்போதும் கட்டிகளிலும் தலைதூக்குகிறது. 1996-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், ஏபிசி பழுதான எலிகளில் காக்ஸ்-2 மரபணுவையும் நீக்கிப் பார்த்தார்கள். பாலிப்புகள் மளமளவென்று குறைந்தன. சரி, காக்ஸ்-1-ஐத் தொடாமல் காக்ஸ்-2-ஐ மட்டும் அடக்கினால் வயிற்றுப்புண் இல்லாமல் பாலிப்பை ஒழிக்கலாமே?

அப்படி வந்ததுதான் செலகாக்சிப். 77 நோயாளிகளிடம் ஆறு மாதம் சோதித்ததில் பாலிப் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 4.5 சதவீதம். 1999 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த நோய்க்கு இதைத் துரித வழியில் அனுமதித்தது. "பாலிப் குறைவது தெரிகிறது, நோயாளிக்கு உண்மையான பலன் உண்டு என்பதைப் பின்னால் நிரூபியுங்கள்" என்பதுதான் துரித அனுமதியின் பொருள்.

அப்புறம் நடந்தது அவ்வளவு நன்றாக இல்லை.

1. 2002-இல் வந்த ஓர் ஆய்வு, ஏபிசி பழுது இருந்தும் இன்னும் பாலிப் வராத 41 இளையவர்களுக்குச் சுலிண்டாக்கோ போலி மாத்திரையோ கொடுத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தது. சுலிண்டாக் குழுவில் 43 சதவீதம் பேருக்கும் மற்றக் குழுவில் 55 சதவீதம் பேருக்கும் பாலிப் வந்தது. இந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடிய அளவு சின்னது. இருக்கும் பாலிப்பைச் சுருக்குவதும், புதிதாக முளைக்காமல் தடுப்பதும் ஒன்றில்லை என்று ஆனது.

2. 2004 செப்டம்பரில் ரோஃபிகாக்சிப் என்ற இன்னொரு காக்ஸ்-2 மருந்து உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. வயாக்ஸ் என்ற பெயரில் விற்ற மருந்து. அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று கையும் களவுமாகக் காட்டியது, பாலிப் தடுப்புக்காக நடந்த ஓர் ஆய்வு. செலகாக்சிப்பை அதிக அளவில் எடுத்தவர்களிடமும் இதயச் சிக்கல் கூடியது பின்னர் தெரிந்தது.

3. செலகாக்சிப்பின் பலனைப் பின்னால் நிரூபிக்கிறோம் என்று சொல்லியிருந்த ஆய்வுக்குப் போதுமான நோயாளிகள் சேரவில்லை. 2011-இல் ஃபைசர் நிறுவனம் பாலிப் நோய்க்கான அனுமதியைத் தானாகவே விட்டுக்கொடுத்தது.

4. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குப் பயன்பட்ட எஃப்லோர்னித்தின் மருந்தைச் சுலிண்டாக்கோடு சேர்த்துக் கொடுக்கும் யோசனை அடுத்து வந்தது. முன்பு பாலிப் எடுத்த சாதாரண நோயாளிகளிடம் இந்தக் கூட்டு பிரமாதமாக வேலை செய்திருந்தது. மரபுவழிப் பாலிப் நோயாளிகள் 171 பேரிடம் சோதித்து 2020-இல் முடிவு வந்தபோது, கூட்டு மருந்து எடுத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு நோய் முற்றியிருந்தது. தனித்தனியாக எடுத்தவர்களில் 38, 40 சதவீதம். உறுதியாக வெற்றி என்று சொல்ல முடியாத வித்தியாசம்.

நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகும் அறுவைச் சிகிச்சையின் இடத்தை எந்த மாத்திரையும் பிடிக்கவில்லை. "பாலிப் 28 சதவீதம் குறைந்தது" என்ற வரியை "புற்றுநோய் 28 சதவீதம் குறைந்தது" என்று படித்துவிடும் பழக்கம் மட்டும் தலைப்புச் செய்திகளில் இன்னும் போகவில்லை.

தையல் வேலை செய்த பெண் சொன்னது

1895-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், நோயியல் பேராசிரியர் ஆல்ட்ரெட் வார்தினிடம் அவர் வீட்டுக்குத் தையல் வேலை செய்துவந்த பெண் ஒருநாள் மனம் சோர்ந்து பேசினார். தன் வீட்டில் எல்லோரும் குடல் புற்றிலோ கருப்பைப் புற்றிலோ போய்விட்டார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்றார். அப்படியே கருப்பைப் புற்றுநோயில் இளவயதிலேயே இறந்தார். வார்தின் அந்தக் குடும்ப மரத்தை வரைந்து 1913-இல் வெளியிட்டார். 1960-களில் ஹென்றி லிஞ்ச் இதே மாதிரியான குடும்பங்களைத் தேடித் தொகுத்தார். இன்று அந்த நோய்க்குறிக்கு அவர் பெயர்தான்.

லிஞ்ச் நோய்க்குறியில் பழுதாவது பிரேக் இல்லை, மெய்ப்புத் திருத்துபவர். செல் பிரியும்போது டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்கிறது. நகலில் விழும் எழுத்துப் பிழைகளை எம்எல்எச்1, எம்எஸ்எச்2 முதலிய மரபணுக்கள் தயாரிக்கும் புரதங்கள் கண்டுபிடித்துத் திருத்துகின்றன. அவை இல்லாத செல்லில் பிழைகள் குவியும். இந்த இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதாகப் பிறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் பெருங்குடல் புற்றுநோய் வரக்கூடும். பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் ஆபத்தும் அதே அளவுக்குக் கிட்டத்தட்ட உண்டு. மேலைநாட்டுக் கணிப்புகளின்படி சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய்க்குறி இருக்கிறது. அரிய நோய் என்று சொல்லத் தயங்க வேண்டிய எண்ணிக்கை இது.

பிரிட்டனின் நியூகாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பர்ன் தலைமையில் 1999-இல் கேப்-2 தொடங்கியது. தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின். இதய நோயாளிகள் இங்கே வழக்கமாகப் போடும் 75 மில்லிகிராம் மாத்திரையில் எட்டுக்குச் சமம். இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை கொடுத்தார்கள். 2008-இல் முதல் முடிவு வந்தது: ஒரு பலனும் இல்லை.

பல ஆய்வுகள் அத்தோடு மூட்டை கட்டப்பட்டிருக்கும். இவர்கள் பங்கேற்றவர்களைத் தொடர்ந்து கவனிக்க முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். 2011-இல் வித்தியாசம் தலைகாட்டியது. 2020-இல் தெளிவானது. போலி மாத்திரை எடுத்த 434 பேரில் 58 பேருக்கும், ஆஸ்பிரின் எடுத்த 427 பேரில் 40 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய். அதாவது 24 பேர் இரண்டு ஆண்டுகள் ஆஸ்பிரின் எடுத்தால் பின்னாளில் ஒருவருக்குப் புற்றுநோய் தவிர்க்கப்படுகிறது. மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பலன் நீடித்தது. பாலிப் எண்ணிக்கையில் எதுவும் தெரியாமல், புற்றுநோய் எண்ணிக்கையில் மட்டும் தெரிந்தது. செலகாக்சிப் கதையின் தலைகீழ். 2020-இலேயே பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு லிஞ்ச் நோய்க்குறி உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினைப் பரிசீலிக்கச் சொன்னது. குறைந்த அளவே போதுமா என்று பார்க்க, 100, 300, 600 மில்லிகிராம் அளவுகளை ஒப்பிடும் கேப்-3 ஆய்வு அடுத்து நடத்தப்பட்டது.

மெய்ப்புத் திருத்துபவர் இல்லாத செல்லுக்கு ஒரு பலவீனமும் உண்டு. அதைத் தமிழ் எழுத்தை வைத்தே காட்டலாம். மரபணு மொழியை செல் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். இந்த வரியும் மூன்றெழுத்துச் சொற்களால் ஆனது:

அவள் மகன் மரம் நடும் இடம்

இதில் இரண்டாவது எழுத்தான "வ" மட்டும் விழுந்துவிட்டது என்று வையுங்கள். இடைவெளியை மாற்றாமல் மூன்று மூன்றாகவே படித்தால்:

அள்ம கன்ம ரம்ந டும்இ டம்

அந்த இடத்துக்குப் பிறகு எல்லாமே உளறல். லிஞ்ச் கட்டிகளில் இப்படி எழுத்து விழுவது, ஒரே எழுத்து வரிசையாகப் பத்துமுறை வருவது போன்ற இடங்களில்தான் அதிகம் நடக்கிறது. ஆகவே எந்தெந்த உளறல் புரதங்கள் உருவாகும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும், ஆளுக்கு ஆள் அவை ஒத்தும் இருக்கின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அவை அந்நியப் பொருள். இப்படிப்பட்ட 209 உளறல் துண்டுகளைச் சேர்த்துத் தயாரித்த நௌஸ்-209 என்ற தடுப்பூசியை லிஞ்ச் நோய்க்குறி உள்ளவர்களிடம் சோதித்து வருகிறார்கள். ஆரம்பக்கட்ட ஆய்வில் நோய் எதிர்ப்பு அணுக்கள் தூண்டப்பட்டிருக்கின்றன. புற்றுநோய் குறைந்ததா என்பது அடுத்த கேள்வி. கேப்-2 போலவே அதற்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டி

1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில் சில ஆடுகள் நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு குட்டி போட்டன. சினையான இரண்டாவது வாரத்தில் தாய் ஆடு ஒரு காட்டுச்செடியைத் தின்றதுதான் காரணம் என்று தெரிந்தது. அந்தச் செடியில் இருந்த சைக்ளோபமின் என்ற பொருள், கருவில் உறுப்புகள் உருவாவதை வழிநடத்தும் ஒரு சமிக்ஞைப் பாதையை அடைக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ஹெட்ஜ்ஹாக் பாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? கோர்லின் நோய்க்குறி உள்ளவர்களுக்குத் தோலில் நூற்றுக்கணக்கில் அடிச்செல் புற்றுகள் வரும். 1996-இல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தபோது, அது இதே ஹெட்ஜ்ஹாக் பாதைக்குப் போட்ட பூட்டு என்று தெரிந்தது. பூட்டு உடைந்தவர்களுக்குப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கிறது. ஆட்டுக்குட்டியைக் கெடுத்த பொருள் போலவே இதே பாதையை அடைக்கும் விஸ்மோடெகிப் மாத்திரை 2012-இல் முற்றிய தோல் புற்றுக்கு அனுமதி பெற்றது. அதே ஆண்டு, கோர்லின் நோய்க்குறி உள்ள 41 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவும் வந்தது. அறுவை தேவைப்படும் புதிய புற்றுகள் போலி மாத்திரைக் குழுவில் சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 29. மருந்துக் குழுவில் 2.

இப்படி ஒரு முடிவு தடுப்பு மருந்து வரலாற்றில் அபூர்வம். ஆனால் மருந்து எடுத்தவர்களில் 54 சதவீதம் பேர் பக்கவிளைவுகளால் நிறுத்திவிட்டார்கள். நாக்கில் ருசி போய்விடுகிறது, தசை பிடித்துக்கொள்கிறது, முடி கொட்டுகிறது. சாம்பாரும் வெந்நீரும் ஒன்றுபோல் ருசிக்கும் வாழ்க்கையைப் புற்றுநோயாளி சில மாதம் பொறுத்துக்கொள்வார். ஆயுள் முழுக்கத் தடுப்புக்காக எடுக்கச் சொன்னால்?

சிறுநீரகப் புற்றுநோயோடு தொடர்புடைய வான் ஹிப்பெல்-லிண்டாவ் நோய்க்குறியில் விஷயம் இன்னும் கொஞ்சம் சாதகமாக இருக்கிறது. விஎச்எல் மரபணு பழுதானால் செல், ஆக்சிஜன் இல்லை என்று தப்பாக நினைத்துக்கொண்டு ரத்தக்குழாய்களை வளர்க்க ஆரம்பிக்கும். அந்தத் தப்பெண்ணத்தை நிறுத்தும் பெல்சுடிஃபன் 2021-இல் இந்தக் குடும்பங்களுக்காக முதலில் அனுமதிக்கப்பட்டது. 61 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறுநீரகக் கட்டி சுருங்கியது. 2023 டிசம்பரில் பரம்பரை அல்லாத, முற்றிய சிறுநீரகப் புற்றுக்கும் அனுமதி கிடைத்தது. குடும்பத்திடம் கற்றதை ஊருக்குக் கொண்டுபோன சுத்தமான உதாரணம். ஆனால் ஊருக்குப் போனது சிகிச்சையாகத்தான், தடுப்பு மருந்தாக இல்லை.

மார்பகம்: காத்திருக்கும் விடை

பிஆர்சிஏ1 மரபணு பழுதான பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரலாம். சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தும் 40 சதவீதத்துக்கு மேல். இன்று அவர்களுக்குக் கிடைக்கும் வலுவான தடுப்பு, உறுப்பையே எடுத்துவிடுவது. 2013-இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி தன் அறுவையைப் பற்றி எழுதிய பிறகு இது உலகத்துக்கே தெரிந்த விஷயமானது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. பிஆர்சிஏ1-இல் இரண்டு எழுத்துகள் விடுபடும் 185டெல்ஏஜி என்ற பிழை, கிழக்கு, மத்திய ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் பரவலாக இருப்பதாக முதலில் பேர் எடுத்தது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களிலும் இதே பிழையைக் கண்டிருக்கிறார்கள்.

டமாக்சிஃபென் இவர்களுக்கு உதவாதா? அது ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் கட்டிகளைத் தடுக்கிறது. 13,388 பெண்களிடம் நடந்த அந்த ஆய்வில் மார்பகப் புற்றுநோயைப் பாதியாகக் குறைத்தது. பிஆர்சிஏ1 கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனைப் பொருட்படுத்தாதவை. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் வேறு கதவைத் தட்டினார்கள். புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், ரேங்க்-எல் என்ற புரதத்தின் வழியாகப் பிஆர்சிஏ1 பழுதான மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டுகிறது என்று 2016-இல் ஆஸ்திரியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த குழுக்கள் காட்டின. ரேங்க்-எல்லை அடக்கும் டெனோசுமாப் ஊசி எலும்புத் தேய்மானத்துக்காக ஏற்கனவே மருந்துக்கடையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, பக்கவிளைவுகளும் பழக்கமானவை. சுமார் 2,900 பிஆர்சிஏ1 பெண்களை இலக்காக வைத்து பிஆர்சிஏ-பி என்ற பன்னாட்டு ஆய்வு நடந்துவருகிறது.

பழைய மருந்தையே எடுத்துத் தடுப்புக்குப் பயன்படுத்தும் இந்தப் போக்கு தற்செயல் இல்லை. ஆஸ்பிரின், சுலிண்டாக், எஃப்லோர்னித்தின், டெனோசுமாப் எல்லாமே வேறு நோய்க்கு வந்தவை. நோயில்லாத ஒருவருக்கு ஐந்து, பத்து ஆண்டுகள் கொடுக்கப் புதிய மருந்தைவிட, லட்சக்கணக்கானவர்கள் உடம்பில் ஏற்கனவே பரிசோதிக்கப்பட்ட பழைய மருந்தையே துணிந்து தேர்ந்தெடுக்க முடியும்.

அப்படியானால் மற்றவர்களுக்கு?

அடுத்த முறை "இந்த மருந்து கேன்சரைத் தடுக்கிறது" என்ற செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

1. ஆய்வில் இருந்தவர்கள் யார்? மரபணுப் பழுது உள்ளவர்களா, ஏற்கனவே புற்றுநோய் வந்தவர்களா, சாதாரண மக்களா?

2. எதை எண்ணினார்கள்? பாலிப்பையா, நோய் எதிர்ப்பு அணுக்களையா, புற்றுநோயையா, மரணத்தையா?

3. எத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு நன்மை, எத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தீமை?

மூன்றாவது கேள்வியில்தான் ஆஸ்பிரின் குழப்பம் அவிழ்கிறது. ஆஸ்பிரினால் ரத்தக்கசிவு வரும் ஆபத்து லிஞ்ச் நோயாளிக்கும் உண்டு, மற்றவருக்கும் உண்டு. லிஞ்ச் நோயாளிக்கு எதிர்த்தட்டில் இருப்பது இரண்டில் ஒன்று என்ற அளவிலான புற்றுநோய் ஆபத்து, அதுவும் நாற்பதுகளிலேயே. 24 பேரில் ஒருவர் காப்பாற்றப்படுவதால் தராசு மாத்திரை பக்கம் சாய்கிறது. ஆஸ்ப்ரீயில் இருந்தவர்கள் பெரும்பாலும் 70 வயது தாண்டியவர்கள், புற்றுநோய் ஆபத்து சராசரி அளவு, ரத்தக்கசிவு ஆபத்தோ வயதால் கூடியது. ஐந்து ஆண்டுக்கும் குறைவான காலமே மருந்து எடுத்தார்கள். கேப்-2-இல் பலன் தெரியவே அதைவிட அதிக காலம் ஆனது. 2022-இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, 60 வயதுக்கு மேல் இதய நோயைத் தடுப்பதற்காகப் புதிதாக ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டாம் என்று சொன்னது. மருத்துவர் ஏற்கனவே இதயத்துக்காக எழுதிக்கொடுத்து எடுத்துவருபவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தவும் கூடாது. அது வேறு கணக்கு.

குடும்பத்தில் இரண்டு தலைமுறையில் மூன்று பேருக்குக் குடல் அல்லது கருப்பைப் புற்று, அதில் ஒருவருக்காவது 50 வயதுக்குள் வந்திருந்தால் லிஞ்ச் நோய்க்குறி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயம். முதலில் புற்றுநோய் வந்தவரைச் சோதித்துப் பழுது உறுதியான பிறகே மற்றவர்களைச் சோதிப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று சித்தப்பா வீட்டுக்குச் சொல்லாமல் மறைப்பது நம் ஊரில் நடக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழுதான பிரதி வந்திருக்க வாய்ப்பு இருக்கிறது.

பழுது உறுதியானவர்களுக்கும் ஆஸ்பிரின் தனியாகக் கொடுக்கப்படுவதில்லை. கேப்-2-இல் இருந்தவர்களுக்கு பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் வழக்கமான கொலனோஸ்கோபியும் நடந்துகொண்டுதான் இருந்தது. அப்படியும் ஆஸ்பிரின் எடுத்த 40 பேருக்குப் புற்றுநோய் வந்தது.